காயிலை அறுத்தால் ரோட்டைப் பிடிக்குமா?

சேலம், நாமக்கல் பக்கம் பழைய கான்டெஸா வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. வண்டி வளைவில் சாய்கிறதா, வேகத்தடையில் ஏறி இறங்கினால் மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கிறதா, அதற்கு ஒரே வைத்தியம்: “காயில்ல ரெண்டு சுத்து அறுத்து உட்டுருங்ணா, ரோட்டப் புடிச்சுக்கும்.” பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் வைத்த அம்பாசிடரோ பத்மினியோ வந்து நின்றால், “ஒரு பட்டை சேத்திப் போட்டுட்டாச் சரியாப் போயிரும்.” இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். சஸ்பென்ஷன் கெட்டியாக இருந்தால் நல்லது, வண்டி தாழ்வாக இருந்தால் இன்னும் நல்லது. காசு இருப்பவர் இதே எண்ணத்தை லட்சக்கணக்கில் கொட்டி வெளிநாட்டு காயில்ஓவர் செட்டாக வாங்குகிறார். காசு இல்லாதவர் கேஸ் கட்டரிடம் போகிறார். இரண்டு பேரும் வாங்குவது ஒரே தவறைத்தான், விலைதான் வேறு.

கான்டெஸாவை நம் ஊரில் மசில் கார் என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீண்ட மூக்கு, அகன்ற தோள், பின்சக்கர ஓட்டம் எல்லாம் இருக்கிறது. ஆனால் 1984-ல் உத்தரபாராவிலிருந்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதை வெளியே விட்டபோது உள்ளே இருந்தது அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின். ஏறத்தாழ ஐம்பது குதிரைத் திறன். அமெரிக்காவில் 1965-ல் வந்த ஷெல்பி ஜிடி350 மஸ்டாங்குக்கு 306. பிற்பாடு இசுஸுவின் 1.8 லிட்டர் என்ஜின் வந்த பிறகுதான் கான்டெஸாவுக்கு உடம்புக்கேற்ற உயிர் வந்தது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இந்த வண்டியின் உடலும் அடிப்பாகமும் இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனி எழுபதுகளில் செய்த விக்டர் வரிசையிலிருந்து வந்தவை. முன்னால் இரட்டை விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும். பின்னால் ஒரே அச்சு, அதற்கும் காயில் ஸ்பிரிங், அச்சைப் பிடித்து வைக்க இணைப்புக் கம்பிகள். அதே காலத்தில் நம் சாலையில் ஓடிய அம்பாசிடருக்கு முன்னால் டார்ஷன் பாரும் பின்னால் பட்டையும்தான். ஆகவே கான்டெஸாவின் அமைப்பு மட்டமானது இல்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான். வயதானதை மோசமானது என்று எண்ணிக்கொண்டு வெட்டத் தொடங்குவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். நாமக்கல் லாரிக்குக் கூடு கட்டும் ஊர். சங்ககிரி லாரி வாங்கி ஓட்டும் ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன. பட்டை கழற்றி, வளைவு எடுத்து, சென்டர் போல்ட் மாற்றிக் கட்டித் தருவதில் இந்தப் பட்டறைகளுக்கு நிகர் தேடுவது கஷ்டம். அந்த அறிவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது லாரியின் அறிவு. பத்துச் சக்கர லாரிக்கு 2018-க்குப் பிறகு சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை 28.5 டன். காலியாகத் திரும்பும்போது அதே வண்டி அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மடங்கு எடை மாறும் வண்டிக்குப் பட்டை கூட்டித்தான் ஆக வேண்டும். லோடு ஏறிய பிறகு மட்டும் வேலை செய்கிற ஹெல்பர் பட்டை அதற்காகத்தான் தனியாக இருக்கிறது. கான்டெஸாவோ ஏறத்தாழ 1200 கிலோ. ஐந்து பேரும் பெட்டி படுக்கையும் ஏறினால் இன்னொரு நானூறு கிலோ. மூன்று மடங்கு எங்கே, மூன்றில் ஒரு பங்கு எங்கே! லாரி வைத்தியத்தைக் காருக்குச் செய்தால், கார் எந்நேரமும் காலி லாரி மாதிரி ஓடும். முட்டை ஏற்றும் ஊரில் இதை ஒருவர் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். காயில் ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை நான்கு விஷயங்களைப் பொறுத்தது: கம்பியின் பருமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை, எஃகின் இயல்பான விறைப்பு. சுற்று குறைந்தால் அதே விகிதத்தில் கெட்டி கூடும். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் இரண்டை அறுத்தால் கெட்டித்தன்மை 33 சதவீதம் ஏறிவிடும். ஐந்து பட்டைக் கட்டில் அதே கனத்தில் ஆறாவதைச் சேர்த்தால் 20 சதவீதம். ஷாக்கப்சர் மட்டும் பழையதாகவே இருக்கும். பழைய ஸ்பிரிங்குக்கென்று அளவெடுத்த எண்ணெய்த் தடை, கூடிப்போன விசையை அடக்கத் திணறும். முன்பைவிட வேகமாகக் குதிக்கும் வண்டி, அடங்குவதற்குள் முன்பைவிட அதிகத் தடவை ஆடும். ‘ஆடுகிறது’ என்று சொல்லித்தானே பட்டறைக்குக் கொண்டு போனோம்?

இன்னொரு கணக்கும் உண்டு. வண்டியின் எடை தாங்கி ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், அந்த வண்டி நொடிக்கு ஒரு முறை என்ற நிதானத்தில் ஏறி இறங்கும். 6 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால் நொடிக்கு இரண்டு முறை. சொகுசான கார்களை நொடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் வைப்பதுதான் வழக்கம், ஏனென்றால் நாம் நடக்கும்போது நம் உடம்பு ஏறி இறங்குவது ஏறத்தாழ அந்தத் தாளத்தில்தான். முப்பதுகளில் ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் இதில் இன்னொரு நுட்பத்தைக் கண்டார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருக்க வேண்டும். மேட்டில் முன் சக்கரம் ஏறிச் சற்று நேரம் கழித்துத்தான் பின் சக்கரம் ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் விரைவாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து இரண்டும் சேர்ந்து அடங்கும். மூக்கு தாழ்ந்து தெரிய வேண்டும் என்று முன் காயிலை மட்டும் அறுப்பவர்கள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறார்கள். அதன் பிறகு வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலையாட்டிக்கொண்டே போகும்.

“ஸ்பிரிங் வீக்காயிருச்சு” என்ற தீர்ப்புதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். இதைவிடப் பரவலான தப்பபிப்பிராயம் இந்தத் தொழிலில் இல்லை. முப்பது வருடம் நின்ற ஸ்பிரிங் உட்கார்ந்து போகும். உயரம் குறையும். ஆனால் கம்பியின் பருமனோ, சுற்றோ, விட்டமோ மாறவில்லையே! கெட்டித்தன்மை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். உயரம் குறைந்த ஸ்பிரிங்குக்கு ஒரு நல்ல பேக்கிங் போட்டாலே பாதி வேலை முடிந்தது. அம்பாசிடரின் டார்ஷன் பாரைக் கழற்றிப் பல்லை மாற்றிப் பூட்டினாலே முன்பக்க உயரம் திரும்பி வரும். அதற்குக் கூலி மட்டும்தான் செலவு.

வளைவில் சாய்வது குறைகிறதே என்பார்கள். குறையும், மறுக்கவில்லை. ஆனால் எதிர்பார்த்த அளவு குறையாது. இரட்டை விஷ்போன் அமைப்பில் உடல் கீழே இறங்க இறங்க, கைகள் உள்பக்கம் சரிந்து நிற்கும். உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடும்போது, சாய்க்கிற விசைக்கு நெம்புகோல் நீளுகிறது. ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கிக் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கு அப்படியே கையைவிட்டுப் போகும். அதோடு டை ராடின் கோணமும் விஷ்போனின் கோணமும் பொருந்தாமல் போவதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலே ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். சாய்வைக் குறைக்க வேண்டுமானால் அதற்கென்றே பிறந்த உறுப்பு ஆன்டி-ரோல் பார். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அது சும்மா இருக்கும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் மட்டும் முறுக்கும். 22 மில்லிமீட்டர் பாருக்குப் பதில் 24 போட்டால், அதன் விறைப்பு 42 சதவீதம் கூடும். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தருவது இந்த அமைப்பில் வேறு இல்லை. அதையும் முதலில் செய்யச் சொல்ல மாட்டேன். பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் நைந்து போயிருந்தால் 30 மில்லிமீட்டர் போட்டாலும் பயன் இல்லை.

சாலைக்கு வருவோம். இந்திய ரோடு காங்கிரஸ் 1988-ல் வகுத்த அளவுப்படி, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட வளைந்த மேடாக இருக்க வேண்டும். ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டிக்கோ, மோகனூர் பக்கமோ, மல்லசமுத்திரம் வழியாகத் திருச்செங்கோட்டுக்கோ போகிறவர்கள் அப்படி ஒன்றைப் பார்த்திருந்தால் ஆச்சரியம்தான். ஊர்க்காரர்கள் சிமெண்டைக் கொட்டிக் கட்டியது ஒரு முழ அகலத்தில் நிற்கும். அந்தச் சாலையில் ஐந்து சென்டிமீட்டர் இறக்கிய வண்டி, மேல்நோக்கி அமுங்க இருந்த தூரத்தில் பெரும் பங்கை ஏற்கெனவே தின்றுவிட்டு வருகிறது. மிச்சம் தீர்ந்ததும் பம்ப் ஸ்டாப்பர் ரப்பர்தான் ஸ்பிரிங். அதன் மேல் அடித்து எழும்பும் சக்கரம் ஒரு கணம் தரையைத் தொடாது. தரையைத் தொடாத டயர் எந்த ரோட்டையும் பிடிக்காது. சேலத்திலிருந்து நாமக்கல் வரை நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் ‘சூப்பரா இருக்கு’ என்று சொல்வது தேர்வே இல்லை. வழவழப்பான ரோட்டில் எந்த சஸ்பென்ஷனும் நல்லதுதான். எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கும் கொல்லிமலைப் பாதையில் நாலு வளைவு ஏறி இறங்கினால் தெரிந்துவிடும், கெட்டியான ஸ்பிரிங் எங்கே உதவுகிறது, எங்கே காலை வாருகிறது என்று.

இதெல்லாம் ஓட்டும்போது தெரிவது. கட்டரின் தீமை ஓட்டும்போதும் தெரியாது. ஸ்பிரிங் எஃகைச் சூடேற்றி, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி நிதானமான சூட்டில் பதப்படுத்தித்தான் அந்த மீள்குணம் வருகிறது. கேஸ் சுவாலை பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். ஒரு பக்கம் மெத்தென்றும், பக்கத்தில் சட்டென்று ஆறிய இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும்படியும் ஆகும். அறுத்த முனை தட்டையாக உட்காராமல் இருக்கையில் ஒரு ஓரமாகக் குத்தி நிற்கும். குட்டையாகிப் போன ஸ்பிரிங், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இருக்கையிலிருந்து நழுவவும் கூடும். கட்டரை வைத்து அறுக்காமல் சூடு மட்டும் காட்டி உட்கார வைக்கிற பட்டறைகளும் உண்டு. அது இன்னும் மோசம். எந்தச் சுற்று செத்தது, எது பிழைத்தது என்பது வெளியே தெரியாது.

மசில் கார் பிறந்த நாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? மஸ்டாங் வளைவில் தடுமாறியபோது ஃபோர்டின் பொறியாளர் க்ளாஸ் ஆர்னிங் சொன்ன தீர்வு, மேல் விஷ்போனைப் பூட்டும் இடத்தை ஒரு அங்குலம் கீழே இறக்குவது. ஷெல்பி 1965 ஜிடி350-ல் அதைச் செய்தார். பக்கத்துக்கு இரண்டு துளை போடுகிற வேலை. சக்கரம் அமுங்கும்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை அது திருத்தியது. அதற்காக நம் கான்டெஸாவில் துளை போடச் சொல்லவில்லை. அமைப்பின் கோணம் முதலில், விறைப்பு பிறகு என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறேன். ரேஸ் கார் செய்த காலின் சாப்மன், 1962-ல் வந்த லோட்டஸ் எலானுக்கு மென்மையான ஸ்பிரிங்கும், அதை அடக்கத் தகுந்த ஷாக்கப்சரும்தான் கொடுத்தார். இன்றுவரை ரோட்டைப் பிடிக்கும் காருக்கு உதாரணமாக அதைத்தான் சொல்கிறார்கள். “சோழவரத்துல ரேஸ் ஓடுன ஃபியட்டெல்லாம் இறக்குன வண்டிதானே” என்று மூத்தவர்கள் மடக்குவதுண்டு. சோழவரம் விமான ஓடுதளம், ஐயா. அங்கே பால்காரரும் வேகத்தடையும் குறுக்கே வரவில்லை.

சரி, கையில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் இந்த வருடம் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். டயரிலிருந்து தொடங்குங்கள். பழைய வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம், அதனால் தேயாமல் முதுமை அடைந்த டயர்தான் பெரும்பாலும் இருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2316 என்றால் 2016-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பட்டன் முழுதாக இருந்தாலும் அந்த ரப்பர் கட்டையாகிவிட்டது. ஷெட்டை விட்டு நகராத வண்டியில் பதினேழு அங்குல அலாய் வீல் மாட்டுவதற்கு ஆகும் பணத்தில் ஆலை அளவிலேயே நல்ல ரேடியல் நான்கு வந்துவிடும். பெரிய வீல் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையைக் கூட்டி, ஷாக்கப்சருக்கு இன்னும் வேலை வைக்கும்.

அடுத்தது புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும். கான்டெஸா ‘படகு மாதிரி மிதக்கிறது’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. விஷ்போன் புஷ், பின் அச்சின் இணைப்புக் கம்பி புஷ், டை ராடு எண்ட் எல்லாம் வயதில் வெடித்து, பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் நழுவ விடுகின்றன. வளைவில் சக்கரம் ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமும் போவது அதனால்தான். உதிரி கிடைக்கவில்லை என்ற சாக்கு இதில் எடுபடாது. சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். கிடைக்காவிட்டால் உள்குழாய், வெளிக்குழாய் அளவு கொடுத்தால் லேத்தில் கடைந்து ரப்பர் வார்த்துத் தர நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். பாலியூரித்தேன் புஷ் போடுங்கள் என்று யாராவது வந்தால், முன்பக்க விஷ்போனுக்குச் சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், பின் அச்சின் கம்பிகளுக்கு வேண்டாம். அச்சு சாயும்போது அந்தக் கம்பிகள் முறுக வேண்டும், ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும், பாலியூரித்தேன் கொடுக்காது.

இதைவிட முக்கியமான ஒன்று, கூலி ஒரு ரூபாய்கூடக் கூடாதது. ரப்பர் புஷ் உள்ள விஷ்போன் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. கீழே இறக்கி, சக்கரத்தின் மேல் எடை நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி நின்ற மாத்திரத்தில் ரப்பர் முறுகியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். பட்டறைகளில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. பிறகு புஷ் மட்டமானது என்று பழி விழும்.

மூன்றாவதாக ஷாக்கப்சர். ஒரு மூலையை இரண்டு கையாலும் அழுத்திவிட்டு எடுங்கள். ஒரு முறை எழும்பி நின்றுவிட வேண்டும். எண்ணெய் கசிந்த கறை இருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம். எப்போதும் அச்சுக்கு இரண்டாக, ஜோடியாகவே மாற்ற வேண்டும். பிறகு வீல் அலைன்மென்ட். டோ மட்டும் பார்த்து அனுப்புகிற கடையில் காசைக் கொடுக்காதீர்கள். கேம்பரும் கேஸ்டரும் பார்த்து அச்சடித்த தாளைக் கையில் வாங்குங்கள். இதெல்லாம் முடிந்து ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் முன்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் அப்போது ஸ்பிரிங்கைப் பேசலாம். அப்போதும் அறுப்பதற்கில்லை. கம்பிப் பருமன், சுருள் விட்டம், சுற்று எண்ணிக்கை, சும்மா நிற்கும் உயரம் நான்கையும் எழுதிக் கொடுத்துப் புதிதாகச் சுற்றச் சொல்லுங்கள். பருமனை மட்டும் ‘கொஞ்சம் தூக்கலா’ கேட்காதீர்கள். கம்பி பத்து சதவீதம் பருத்தால் ஸ்பிரிங் 46 சதவீதம் கெட்டியாகும். சுற்றிய பிறகு முழுதாக அமுக்கி விட்டு உயரம் நிலைப்படுத்தித் தருகிறார்களா என்று கேளுங்கள். அப்படிச் செய்யாத ஸ்பிரிங் ஆறு மாதத்தில் தானாக உட்காரும்.

பார்க்க நன்றாக இருக்கிறது, அதனால் இறக்குகிறேன் என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. அழகு அவரவர் கண்ணுக்கு. அதை அழகு என்றே சொல்லுங்கள், ரோடு பிடிப்பு என்று சொல்லிப் பக்கத்து ஊர்ப் பையனையும் கெடுக்காதீர்கள். கம்பெனி தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது என்பதும் நினைவில் இருக்கட்டும். புஷ்ஷும் ஷாக்கப்சரும் அதே அளவில் மாற்றினால் எந்த ஆர்டிஓவும் கேட்க மாட்டார்.

நாமக்கல் பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கான்டெஸா வந்து நின்றால் முதலில் புஷ்ஷைப் பாருங்கள். கட்டரைத் தூரமாகவே வையுங்கள். கான்டெஸா உற்பத்தி 2002-ல் நின்றுவிட்டது. அளவு கெடாமல் மிச்சமிருக்கும் ஒவ்வொரு பழைய காயிலும், அடுத்த காயிலைச் சுற்றுவதற்கான மாதிரி.